பந்தை ஏந்தி நடந்த டிடி

1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில், சொந்த மண்ணிலேயே உருகுவேயிடம் 2-1 என்று தோற்றது பிரேசில். பழி கறுப்பின ஆட்டக்காரர்கள் மேல் விழுந்தது. கோல்கீப்பர் பார்போசா அதைச் சாகும்வரை சுமந்தார். 'நெருக்கடி என்றால் கறுப்பர்கள் உடைந்துபோவார்கள்' என்ற பேச்சும் கிளம்பியது.

அந்தப் பேச்சைப் பொய்யாக்கியவர் டிடி. 1928-ல், கரும்பு விளையும் காம்போஸ் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். சிறுவயதில் முழங்காலில் பட்ட அடி சீழ்பிடித்து, காலையே எடுக்க வேண்டிய நிலை. அதிலிருந்து மீண்டு பிரேசிலின் நடுக்கள ஆட்டக்காரர் ஆனார். அவர் அடிக்கும் ஃப்ரீ கிக், காற்றில் உதிரும் இலைபோல் சட்டென்று இறங்கும். அதற்கு 'காய்ந்த இலை' என்றே பெயர்.

1958 ஜூன் 29. ஸ்வீடனில் இறுதி ஆட்டம். 4-வது நிமிடத்திலேயே ஸ்வீடன் கோல் போட்டுவிட்டது. மறுபடியும் 1950-தானா என்று கலங்கிய தோழர்களைத் தேற்றியபடி, பந்தைக் கையில் ஏந்தி, மைதானத்தின் நடுவுக்கு நிதானமாக நடந்தார் டிடி. 9-வது நிமிடத்தில் வாவா சமன் செய்தார். முடிவில் 5-2. பிரேசிலின் முதல் உலகக் கோப்பை அது. அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர், 17 வயது பெலே அல்ல, டிடி. 1962-லும் கோப்பை வென்ற அணியில் அவர் இருந்தார்.

தோற்றால் பிறப்பைப் பேசுவார்கள், ஜெயித்தால் நாட்டைப் பேசுவார்கள். இந்தக் கணக்கு நமக்கும் தெரிந்ததுதான். டிடி அதற்கு வாயால் பதில் சொல்லவில்லை; நடந்து காட்டினார்.