ஓசியில் ஐ.ஐ.டி. பாடம்! பேர் கொடுப்போர் ஏராளம். பாஸ் பண்ணுவோர் கொஞ்சம்!!

கிண்டி ஐ.ஐ.டி. வாசலில் காவல் பலம். கண்டவரும் உள்ளே நுழைந்துவிட முடியாது. கண் விழித்துப் படித்தும் இடம் கிடைக்காமல் திரும்பிய பிள்ளைகள் எத்தனையோ பேர்!

அதே ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடம் இன்று செல்போனில் வருகிறது. பஸ்ஸில் போகும் குமாஸ்தாவும் கேட்கலாம். வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் கடைக்காரரும் பார்க்கலாம். வயது வரம்பு இல்லை. பீஸ் இல்லை!

இதன் பெயர் என்.பி.டி.இ.எல். 7 ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம். சர்டிபிகேட் தரும் வகுப்புகள் 2014-ல் வந்தன. இப்போது மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் நடக்கின்றன.

கெடு தாண்டினால்...

4 வாரம், 8 வாரம், 12 வாரம் என்று பாடங்கள் உண்டு. வாரா வாரம் வீட்டுப்பாடம். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளினால் கெடு தாண்டிவிடும். பள்ளிக்கூட வாத்தியாராவது கெஞ்சினால் இரங்குவார். கம்ப்யூட்டர் இரங்குமா?

சர்டிபிகேட் வேண்டும் என்றால் நேரில் போய் பரீட்சை எழுத வேண்டும். கட்டணம் பாடத்துக்குச் சுமார் 1000 ரூபாய். வீட்டுப்பாடத்துக்கு 25 மார்க், பரீட்சைக்கு 75 மார்க். இதில் பரீட்சையில் மட்டும் 30-ஆவது வாங்கியாக வேண்டும்.

இங்கேதான் கூட்டம் கரைகிறது. பேர் கொடுத்தவர்களில் சிறு பகுதியினரே பரீட்சை ஹாலுக்கு வருகிறார்கள். வேலை முடிந்து வீடு திரும்பி, சாப்பிட்டு, பிள்ளையைத் தூங்க வைத்த பிறகு கணக்குப் போட யாருக்குத்தான் தெம்பு இருக்கும்?

அமெரிக்காவிலும் இதே கதை

இது நம்ம ஊர் வியாதி மட்டும் அல்ல. 2011-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் என்பவருடன் சேர்ந்து செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இலவசமாக நடத்தினார். சேர்ந்தவர்கள் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் பேர். கடைசி வரை தாக்குப்பிடித்தவர்கள் சுமார் 23 ஆயிரம் பேர்தான்!

ஆனாலும் 23 ஆயிரம் பேரை எந்த வகுப்பறையில் உட்கார வைக்க முடியும்?

இன்னொரு விஷயம்தான் உறுத்துகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் இலவசப் பாடங்களில் சேர்ந்தவர்களை விசாரித்து 2013-ல் கணக்கு வெளியிட்டது. அதில் 100-க்கு 80 பேருக்கு மேல் ஏற்கெனவே பட்டதாரிகள். பந்தியில் மறுபடியும் உட்கார்ந்தது சாப்பிட்டவர்களே! காலேஜ் வாசலை மிதிக்காதவருக்கு இலை கிடைத்தது குறைவு.

நம்ம ஊரில் தடை, இங்கிலீஷ். வகுப்புகள் பெரும்பாலும் அதில்தான். சில பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் வந்திருக்கிறது. தமிழ் மீடியத்தில் படித்தவர் முதலில் அதைத் தேடிப் பிடிப்பது நல்லது.

புது வகுப்புகள் ஜனவரியிலும் ஜூலையிலும் ஆரம்பம். 12 வாரப் பாடத்தில் 8 வீட்டுப்பாடத்தின் மார்க்கைத்தான் எடுத்துக் கொள்கிறார்கள். ஆகவே தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் தவறவிட்டவர் பயப்பட வேண்டாம்.