மறுமொழி கூறும் கிற்றார்

புளூஸ் இசையிற் கிற்றார் வெறும் பக்கவாத்தியம் அன்று. பாடுபவருக்கு மறுமொழி கூறும் இரண்டாவது குரல் அது. அமெரிக்காவின் தென்மாநிலப் பருத்தி வயல்களிற் கறுப்பின மக்கள் வேலை செய்கையில், ஒருவர் குரலெடுக்க ஏனையோர் எதிர்க்குரல் கொடுத்துப் பாடினர். அம்மரபே இதன் ஊற்று. வயலில் ஒரு கூட்டம் செய்த பணியை, தனித்துப் பாடிய கலைஞருக்குக் கிற்றார் செய்துகொடுத்தது.

புளூஸ் பாடலின் பொதுவான அமைப்பு எளிமையானது. பன்னிரண்டு தாள அளவுகளில் மூன்று அடிகள் அடங்கும். முதலடி மீளவும் ஒருமுறை பாடப்படும். மூன்றாமடி கருத்தை நிறைவுசெய்யும். ஒவ்வோர் அடியிலும் ஏறத்தாழப் பாதியிற் குரல் ஓய்ந்துவிடும். எஞ்சிய இடம் கிற்றாருக்குரியது. இவ்வாறு திரும்பத்திரும்ப வந்து பாடலுக்கு முகங்கொடுக்கும் சிறு சுரக்கோவையே 'றிஃப்' எனப்படுகிறது.

1903ஆம் ஆண்டளவில் மிசிசிப்பியின் டட்வைலர் புகையிரத நிலையத்தில், ஒருவர் தந்திகளின்மேற் கத்தியை அழுத்தி வாசிக்கக் கேட்டதாக இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹண்டி 1941இல் வெளிவந்த தமது தன்வரலாற்றிற் கூறுகிறார். கத்தியாலோ போத்தற் கழுத்தாலோ தந்தியை வருடிச் செல்லும்போது, மெட்டுகளுக்கு இடைப்பட்ட நுண்ணொலிகளும் பிறக்கின்றன. கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய செவிக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

பார்வையற்ற கலைஞரான வில்லி ஜோன்சன் 1927 டிசெம்பர் 3இல் டலஸ் நகரிற் பதிவுசெய்த 'டார்க் வோஸ் த நைற்' இம்முறையின் சிகரம் எனலாம். பக்தியிசையும் புளூசும் கலந்த அதிற் சொற்களே இல்லை. முனகலும் தந்தியும் ஒன்றையொன்று தொடர்கின்றன. 1977இல் ஏவப்பட்ட வொயேஜர் விண்கலங்களின் பொன் இசைத்தட்டில் அப்பதிவு இடம்பெற்றது. ஜோன்சனோ 1945இல் வறுமையில் மறைந்துபோயிருந்தார்.

தெற்கிலிருந்து இலட்சக்கணக்கானோர் வடக்கின் தொழில் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது இவ்விசையும் உடன் சென்றது. 1941இல் ஆய்வாளர் அலன் லோமக்ஸ், மிசிசிப்பித் தோட்டமொன்றில் மடி வோட்டர்ஸ் பாடிய 'ஐ பீஸ் ட்ரபிள்ட்' என்ற பாடலைப் பதிவுசெய்தார். 1943இல் வோட்டர்ஸ் சிக்காகோ சென்றார். இரைச்சல் மிகுந்த மதுச்சாலைகளில் மரக்கிற்றாரின் ஒலி எடுபடவில்லை, மின்கிற்றாரைக் கையிலெடுத்தார். 1948இல் அதே பாடலை மாற்றியமைத்து 'ஐ கான்ற் பி சற்றிஸ்ஃபைட்' என வெளியிட்டார். முதற் பிரதிகள் விரைவில் விற்றுத் தீர்ந்தன.

1958இல் அவர் இங்கிலாந்து சென்றபோது, மின்கிற்றாரின் முழக்கம் மிகையென விமர்சகர் சிலர் முகஞ்சுளித்தனர். அவர்கள் எதிர்பார்த்தது பழைய தோட்டத்துக் கலைஞரை. ஆயின், பெயர்ந்து வந்த மக்கள் தோட்டத்தில் இல்லை. அவர்களது செவிக்கு எட்டாத தூய்மையால் யாருக்கு என்ன பயன்? மரபு மரப்பெட்டியில் அன்று, மறுமொழியில் உறைந்திருந்தது. 2015இல் மறைந்த பி. பி. கிங், போத்தற் கழுத்தின் ஒலியை விரல் நடுக்கத்தாலேயே எழுப்ப முயன்று தமக்கெனப் புதுப் பாணி கண்டார். தாம் பாடும்போது கிற்றாரை ஓயவிட்டு, குரல் நின்றதும் அதனைப் பேசவைப்பது அவரது வழக்கம்.

வோட்டர்சின் 1941, 1948ஆம் ஆண்டுப் பதிவுகளை வாசகர்கள் அடுத்தடுத்துக் கேட்பது நன்று. ஏழாண்டுகளில் எது மாறியது, எது நிலைத்தது என்பதைச் செவியே அறியும்.