ஏலக்காய் விலைப் பக்கத்துக்கு எந்த பில்ட் டூல்?

போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. அந்த விலையைத் தேவாரத்து விவசாயி மலைத்தோட்டத்திலிருந்தே போனில் பார்க்க ஒரு பக்கம் செய்யணும்னா, வெப்பேக்கா, வீட்டா?

எவன் யூ 2020-ல் வெளியிட்ட வீட் (வைட் இல்லைங்க), நாம் எழுதும்போது பிரவுசர் கேட்கிற ஃபைலை மட்டும் அப்பப்ப தயார் பண்ணிக் கொடுக்கும். வெப்பேக் வழக்கமாக முழுசையும் கட்டிவிட்டுத்தான் பக்கத்தைத் திறக்கும். வீட்டின் இந்த வேகம் எழுதுகிற நமக்குத்தான் லாபம். விவசாயியின் போனில் கதை வேற: ஒரு ஃபைல் இன்னொன்றை இம்போர்ட் செய்ய, அது மற்றொன்றைக் கேட்க, மலைச்சரிவு சிக்னலில் ஒவ்வொன்றுக்கும் காத்திருக்கணும். அதனால்தான் வெளியிடும்போது வீட்டும் ஃபைல்களைச் சேர்த்துக் கட்டுகிறது.

வெறும் விலை அட்டவணைன்னா எனக்கு டூலே வேண்டாம். ஒரு எச்டிஎம்எல், ஒரு ஸ்கிரிப்ட் போதும். சார்ட் லைப்ரரி உள்ளே வந்தால் வீட் போடுவேன். பில்ட் முடிந்ததும் டெர்மினலில் அது காட்டும் ஜிஜிப் அளவைத்தான் முதலில் பார்ப்பேன்.