சராசரி என்னும் புனைவு

பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி. நெல்லைப் பதிப்புச் செய்தித்தாள்களில் அன்றன்றைய நீர்மட்டம் அச்சாகிறது. படித்துவிட்டுப் பொட்டலம் மடிக்கக் கொடுத்துவிடுகிறோம். தனி எண்ணுக்கு ஞாபகம் கிடையாது.

அந்த எண்களையே ஒரு பிரதியாக வாசிக்கலாம். வருஷத்துக்கு ஒரு வரிசை, மாதத்துக்கு ஒரு கட்டம். தண்ணீர் கூடினால் கறுப்பு, வற்றினால் வெள்ளை. முப்பது வருஷத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். தென்மேற்குப் பருவமழையும் கார் சாகுபடியும் எந்த வருஷம் பொய்த்தன, வடகிழக்கும் பிசானமும் எப்போது தள்ளிப்போயின என்பது கண்ணுக்குத் தெரியும்.

'வருஷத்துக்குச் சராசரி 13.8 டி.எம்.சி. வீணாகக் கடலில் கலக்கிறது' என்பது அரசின் சொல்லாடல். தாமிரபரணி வெள்ளநீரைக் கருமேனியாறு, நம்பியாறு பக்கம் திருப்பும் கால்வாய் 2009இல் தொடங்கியது இந்த நியாயத்தில்தான். ஆனால் ஒரு வருஷம் 40, மூணு வருஷம் பூஜ்யம் என்றாலும் சராசரி 10தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அந்த மாதிரி வெள்ளத்தையும் சராசரி எல்லா வருஷத்துக்கும் பங்குவைத்துவிடும். கட்டம் போட்டுப் பார்த்தால்தான் உபரி எந்த வருஷம், எத்தனை நாள் என்று கேட்க முடியும்.

தேரிக்காட்டு விவசாயிக்கு இந்தக் கேள்வி முக்கியம்: வறண்ட வருஷத்தில் அவருக்குக் கிடைப்பது தண்ணீரா, வெறும் கால்வாயா?

பேரிலேயே உவரைச் சுமக்கும் உவரிக்கு இன்னொரு கேள்வி உண்டு. ஆற்றுநீர் கடலில் மீனுக்கு இரை, கரைக்கு மணல். 'வீண்' என்று எழுதியவர் கடற்கரையில் நின்று எழுதவில்லை.