‘குட்’ என்றால் நல்லதல்ல!

சென்ற ஆண்டு அப்பாவின் 75வது பிறந்தநாளுக்கு என்ன வாங்கித் தருவது என்று தம்பியும் நானும் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். சட்டை, கைக்கடிகாரம் என்று எதைச் சொன்னாலும் “எனக்கு எதுக்குப்பா?” என்றுவிடுவார். கடைசியில் அம்மாதான் வழி சொன்னார்: “அந்த அன்னக்கிளி ரெக்கார்டைத் தேடிப் பாருங்களேன்.”

1976ல் வந்த ‘அன்னக்கிளி’, இளையராஜா இசையமைத்த முதல் படம். அதன் பாடல்கள் அடங்கிய சிறிய இசைத்தட்டை அப்பா தேக்காவில் வாங்கி வந்திருந்தார். 1980களில் கம்பத்து வீட்டிலிருந்து அங் மோ கியோ அடுக்குமாடி வீட்டுக்கு மாறியபோது, கேசட் வந்துவிட்டதே என்று தட்டுகளையெல்லாம் காராங்குனிகாரரிடம் போட்டுவிட்டார்கள். அப்பா அதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அந்தப் பாட்டு வானொலியில் வரும்போதெல்லாம், “நம்ம வீட்டில இது இருந்துச்சு” என்பார்.

பாட்டு இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அவருக்கு வேண்டியது தட்டு. இணையத்தில் தேடத் தொடங்கினேன்.

நான் ஏமாந்த கதை

ஒரு தளத்தில் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் அந்தத் தட்டைப் போட்டிருந்தார். நிலை: ‘குட்’. நல்ல நிலையில் இருக்கிறது என்று எண்ணி உடனே பணம் கட்டினேன். மூன்று வாரம் கழித்து வந்தது. போட்டுப் பார்த்தால், எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கும் சத்தம்தான் கேட்டது. பாட்டு எங்கோ பின்னால் இருந்தது.

புகார் செய்தபோது, “நான் சரியாகத்தானே எழுதியிருக்கிறேன்” என்று பதில் வந்தது. அவர் சொன்னது உண்மை. இசைத்தட்டு வணிகத்தில் பலரும் பின்பற்றுவது அமெரிக்காவின் ‘கோல்ட்மைன்’ இதழ் வகுத்த தரவரிசை. மேலிருந்து கீழே மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், அதற்கும் கீழேதான் ‘குட்’. அதாவது, நன்றாகத் தேய்ந்துபோன தட்டு! கேட்டு மகிழ வேண்டுமானால் ‘வெரி குட் பிளஸ்’ அல்லது அதற்கு மேல் பாருங்கள். உறைக்கும் தட்டுக்கும் தனித்தனியே தரம் போடுவார்கள். உறை பளபளப்பாக இருப்பதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.

எங்கே தேடலாம்?

முதலில் டிஸ்காக்ஸ். ஒரே இசைத்தட்டின் ஒவ்வொரு பதிப்பும் அங்கே தனித்தனியாகப் பட்டியலிடப்பட்டிருக்கும். இதற்குமுன் என்ன விலைக்கு விற்றது என்பதையும் பார்க்கலாம். வேண்டிய தட்டைக் குறித்து வைத்தால், யாராவது விற்பனைக்குப் போடும்போது தகவல் வரும். ஈபேயிலும் தேடலைச் சேமித்து வைக்கலாம். உள்ளூரில் வாங்க கரோசல் வசதியானது. விற்பவரை நேரில் சந்தித்து, தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தே பணம் கொடுக்கலாம்.

தமிழ்ப் படப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஒருவர் ஒரு ‘கே’ போட்டால் இன்னொருவர் இரண்டு போடுவார். அதனால் எழுத்தை மாற்றி மாற்றியும், இசையமைப்பாளர் பெயரைக் கொண்டும் தேடுங்கள்.

பணம் கட்டும் முன்

தட்டின் இரு பக்கப் படங்களையும் கேளுங்கள். விளக்கொளி சாய்வாக விழும்படி எடுத்த படத்தில்தான் கீறல் தெரியும். ஒரு நிமிடம் ஓடவிட்டுக் காணொளி அனுப்பச் சொன்னால், நல்ல விற்பனையாளர்கள் மறுப்பதில்லை.

வேகத்தையும் கவனியுங்கள். சிறிய தட்டு பெரும்பாலும் 45, பெரிய எல்பி 33. மிகப் பழைய 78 தட்டுகளுக்கு வேறு ஊசி வேண்டும். இன்றைய கருவிகள் பலவற்றில் அந்த வேகமே இல்லை.

தட்டை உறைக்கு வெளியே எடுத்து, இரண்டையும் அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் வழியில் தட்டு இடித்து உறையின் ஓரம் கிழியும். அஞ்சல் செலவோடு வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 2023 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம்வழி வாங்கும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் சிங்கப்பூரில் பொருள் சேவை வரி உண்டு. முக்கியமாக, தளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள்.

இத்தனையும் கற்றுக்கொண்டு இரண்டாவது தட்டை வாங்கினேன். பிறந்தநாள் கடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தாமே தட்டை வைத்து ஊசியை இறக்கினார்.

பாதிப் பாட்டில் சட்டென்று கையைத் தூக்கினார். பாட்டு தடையில்லாமல் ஓடியது.

“இந்த இடத்துல நம்ம ரெக்கார்டு குதிக்குமே,” என்றார்.

அம்மா சிரித்துவிட்டார். “நீங்கதான் அதுமேல டீ கிளாசைப் போட்டீங்க!”

இதுவரை எங்களுக்குத் தெரியாத கதை அது. அன்று மாலை முழுக்க இருவரும் அந்தக் கம்பத்து வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். குதிக்கும் முதல் தட்டை நான் தூக்கி எறியவில்லை. அப்பா அதையும் அவ்வப்போது போடுகிறார்.