நரம்புச் சிலந்தி போன கதையும் நம் கடைக் குடமும்

நம் கோட்டையூர் வட்டாரத்தில் மூத்த வணிகர்கள் சிலரிடம் "நரம்புச் சிலந்தி" என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். இளைய உறுப்பினர்களுக்கோ அது என்னவென்றே தெரியாது. தெரியாமல் போனது நல்லதுதான். ஆனால் அது எப்படிப் போயிற்று என்பது கடை வைத்திருக்கும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழையை நம்பித்தான் ஊர். ஓட்டிலிருந்து வழிவதை முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்தார்கள். வெளியே பெய்வதை வரத்துக்கால் வழியே ஊருணியில் சேர்த்தார்கள். குடிதண்ணீர் ஊருணியில் குளிக்கக் கூடாது, கால் அலம்பக் கூடாது என்று பல ஊர்களில் கட்டுப்பாடு இருந்தது. அதைச் சிலர் வெறும் ஆசாரம் என்று நினைத்தார்கள். நரம்புச் சிலந்தியைப் படித்தால் அந்தக் கட்டுப்பாட்டின் அருமை புரியும்.

தண்ணீரில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சைக்ளாப்ஸ் என்ற பூச்சி உண்டு. புழுவின் குஞ்சைத் தின்ற அந்தப் பூச்சியை நாம் தண்ணீரோடு விழுங்கினால், ஏறத்தாழ ஓர் ஆண்டு கழித்து மூன்றடி நீளம் வரை வளர்ந்த புழு, பெரும்பாலும் காலில், கொப்புளம் கிளப்பி வெளியே வரும். நெருப்பாக எரியும். எரிச்சல் தாங்காமல் அந்தக் காலைத் தண்ணீரில் வைத்தால், புழு லட்சக்கணக்கான குஞ்சுகளை அங்கேயே விட்டுவிடும். படியிறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறும் குளமும்தான் இதற்குத் தோதான இடம்.

மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வாரக்கணக்கில் இழுக்க வேண்டும். மூட்டை தூக்குகிறவருக்கு இது வந்தால் அவர் வீட்டு அடுப்பு என்னவாகும்? ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் இதற்கு "வெறுங்களஞ்சிய நோய்" என்றே பெயர். அறுவடை நேரத்தில் ஆளைப் படுக்கவைத்துவிடுமாம்.

நம் நாட்டில் ஒழிப்புத் திட்டம் 1983-84-ல் தொடங்கியது. அப்போது தமிழ்நாடு உள்பட 7 மாநிலங்களில் இந்நோய் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். 1984-ல் ஏறத்தாழ 40,000 பேருக்குக் கண்டார்கள். செய்தது என்ன? துணியால் வடிகட்டச் சொன்னார்கள். படிக்கிணறுகளை மாற்றி இறைகிணறாக்கினார்கள். அடிபம்பு போட்டார்கள். கடைசி நோயாளி 1996 ஜூலையில், ராஜஸ்தானில். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று கொடுத்தது. 1986-ல் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 35 லட்சம் பேர் என்று மதிப்பிடப்பட்ட நோய், 2024-ல் 15 பேருக்கே வந்தது. நாம் கடையில் கிழித்து விற்கும் துணிக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பது எனக்குத் தனிப்பட்ட பெருமை!

ஆனால் துணி தடுப்பது பூச்சியை மட்டும்தான். காலராவும் டைபாய்டும் துணிக்குள் புகுந்து வந்துவிடும். குடத்தில் தேத்தாங்கொட்டை உரசினால் கலங்கல் அடங்குமே தவிர கிருமி சாகாது. 1992-ல் சென்னையில் தலைகாட்டிய ஓ139 என்ற புதுவகைக் காலரா, அடுத்த ஆண்டுக்குள் கல்கத்தா, வங்கதேசம் என்று பரவியது. பழைய காலரா வந்து எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது விடவில்லை. அசுத்தக் குடிநீரால் வரும் வயிற்றுப்போக்கில் இன்றும் உலகில் ஆண்டுக்கு 5 லட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இனி நம் கடைக்கு வருவோம். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை என்று வாடிக்கையாளர் குறைபட்டால் வருந்த வேண்டாம். அந்த வாடைதான் காவல். திறந்த குடத்தில் கிடந்தால் அது போய்விடும். குடத்தை மூடி வையுங்கள். டம்ளரோடு கையையும் உள்ளே விடாதபடி குழாய் வைத்த பாத்திரமாக இருக்கட்டும். கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள் கேனை வெயிலில் அடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் நன்றாகக் கொதிக்கவைப்பதே வழி.

கடைப் பையனுக்கோ வீட்டுக் குழந்தைக்கோ வயிற்றுப்போக்கு கண்டால், மருத்துவரிடம் போகும்வரை உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். 1971-ல் வங்கதேச அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இத்தகைய கரைசலைக் கொடுத்தே காலராச் சாவை 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறக்கினார். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய தேக்கரண்டியில் சர்க்கரை 6, உப்பு அரை. இரண்டு சரக்கும் நம் கடையிலேயே இருக்கின்றன. அளவில் மட்டும் கை தாராளம் வேண்டாம்; உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.