வளரும் பிள்ளைக்கு ஏற்ற மிதிவண்டி: அளவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

9 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மிதிவண்டி வாங்கும் பெற்றோர் பலர், "வளரும் பிள்ளைதானே, சற்றுப் பெரிதாகவே வாங்கிவிடுவோம்" என்று முடிவு செய்கின்றனர். பள்ளிச் சீருடைக்கு இம்முடிவு பொருந்தும். நீளமான கால்சட்டையை மடித்துத் தைக்கலாம். உயரமான மிதிவண்டியின் சட்டத்தை மடிக்க இயலாது. பிள்ளையின் இன்றைய உடல் அளவுக்குப் பொருந்தும் வண்டியே பாதுகாப்பானது.

பெரிய வண்டியால் நேரும் தீங்கு

கால் தரையில் எட்டாத பிள்ளை, வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இறங்க நேரிடும். குறுக்கே நாயோ ஆடோ வந்தால் காலை ஊன்றிச் சமாளிக்க முடியாமல் வண்டியோடு விழும். மெதுவாகச் செல்லும்போது விழுந்தால்கூட முன்சக்கரம் திரும்பி, கைப்பிடியின் முனை வயிற்றில் இடிக்கக்கூடும். சிறுவர்களின் வயிற்றுத் தசைகள் மெல்லியவை. அவர்களுடைய கல்லீரலையும் மண்ணீரலையும் விலா எலும்புகள் முழுமையாக மூடிக் காப்பதில்லை. எனவே சிறிய இடியும் உள்ளுறுப்பைக் காயப்படுத்தலாம். இருக்கையிலிருந்து முன்னே வழுக்கிச் சட்டத்தின் மேற்கம்பியில் விழும் பிள்ளைக்குப் பிறப்புறுப்பிலும் சிறுநீர்ப் பாதையிலும் அடிபடக்கூடும்.

பெரியவர்களின் வண்டியில் சட்டத்தின் ஊடே காலை நுழைத்துக் 'குரங்கு பெடல்' போட்டு ஓட்டப் பழகியவர்கள் நம்மில் பலர் இருக்கலாம். அன்றைய தெருக்களில் இன்றுள்ள வாகன நெரிசல் இல்லை என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். இன்று சில வீடுகளில் இதே நிலை வேறு வடிவில் ஏற்படுகிறது. தமிழ்நாட்டில் 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியை, ஆறாம் வகுப்பில் படிக்கும் தம்பியோ தங்கையோ ஓட்டத் தொடங்குவதுண்டு. அவ்வண்டி மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான அளவில் அமைந்தது.

வீட்டிலேயே அளந்து பாருங்கள்

கடைகளில் வண்டியின் அளவைச் சக்கரத்தின் விட்டத்தைக் கொண்டு 20 அங்குலம், 24 அங்குலம், 26 அங்குலம் என்று குறிப்பிடுவர். உடன் எழுதப்பட்டிருக்கும் வயது வெறும் தோராயமே. ஒரே வகுப்பில் படிக்கும் 11 வயதுப் பிள்ளைகள் இருவரிடையே ஒரு சாணுக்கும் மேலான உயர வேறுபாடு இருக்கலாம். ஆகவே வயதை விட்டுவிட்டு உள்கால் நீளத்தை அளந்துகொள்ளுங்கள்.

பிள்ளையை வெறுங்காலுடன் சுவரோடு சாய்ந்து நிற்கச் செய்யுங்கள். பாதங்களுக்கிடையே சிறிது இடைவெளி இருக்கட்டும். கெட்டி அட்டையுள்ள புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கிடையே வைத்து, வண்டி இருக்கையில் அமர்ந்தது போல் மேல்நோக்கி அழுத்துங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரையுள்ள உயரமே உள்கால் நீளம். ஏறத்தாழ 50 முதல் 60 செ.மீ. வரை இருந்தால் 20 அங்குல வண்டியும், 60 முதல் 70 செ.மீ. வரை இருந்தால் 24 அங்குல வண்டியும் பொருந்தக்கூடும். அதற்கு மேல் இருந்தால் 26 அங்குல வண்டியைப் பார்க்கலாம். ஒரே சக்கர அளவிலும் சட்டத்தின் உயரம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், எண்ணை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். வியப்பளிக்கும் பரிசாக வாங்கி வருவது மகிழ்ச்சி தரும். அளவு மட்டும் தவறிவிடும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

முதலில் பிள்ளை இருக்கைக்கு முன்னே, மேற்கம்பியின் இருபுறமும் கால் வைத்து நிற்கட்டும். இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிய, கம்பிக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத வண்டியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பின்னர் இருக்கையில் அமரச் செய்யுங்கள். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு இரு பாதங்களின் முன்பகுதியும் தரையில் ஊன்ற வேண்டும். நன்கு ஓட்டத் தெரிந்த பிள்ளைக்குக் கால்விரல்கள் எட்டினால் போதும். பெடல் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருப்பது சரியான உயரம். கைப்பிடியை முழுவதும் ஒரு பக்கம் திருப்பினால் பிள்ளை முன்னே சாய்ந்து கையை நீட்ட வேண்டியிருக்கக் கூடாது; முழங்காலும் கைப்பிடியில் இடிக்கக் கூடாது.

பிரேக்கைப் பலரும் சோதிப்பதில்லை. உள்ளங்கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்காமல் பிள்ளையின் விரல்கள் பிரேக் நெம்புகோலை எட்ட வேண்டும். அதை இறுக்கிப் பிடிக்கும் வலிமையும் அவ்விரல்களுக்கு இருக்க வேண்டும். பெரியவரின் கைக்கு எளிதாக இருக்கும் பிரேக் பத்து வயது விரல்களுக்குக் கடினமாக இருக்கலாம். கைப்பிடியின் இரு முனைகளிலும் ரப்பர் உறை உள்ளதா என்று பாருங்கள். உறை கிழிந்து குழாயின் விளிம்பு வெளியே தெரிந்தால் உடனே மாற்றுங்கள். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

இரண்டு அளவுகளுக்கு இடையே பிள்ளை இருந்தால், பெரிய வண்டியின் இருக்கையை முற்றிலும் தாழ்த்தி மேற்கண்டவற்றைச் சோதியுங்கள். எல்லாவற்றிலும் தேறினால் மட்டுமே பெரியதை வாங்கலாம். வளர்ச்சிக்கு இடம் விடுவது என்பது இருக்கைத் தண்டை உயர்த்தக்கூடிய அளவு மட்டுமே.

வளர்ச்சியும் முழங்கால் வலியும்

பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 11, 12 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 13, 14 வயதிலும் வளர்ச்சி மிக வேகமாக இருக்கும். அக்காலத்தில் ஓராண்டில் 8 செ.மீ. அல்லது அதற்கும் மேல் உயரக்கூடும். உடலை விடக் கால்கள் முந்தி நீள்கின்றன. ஆகையால் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இருக்கையின் உயரத்தைச் சரிபாருங்கள். இருக்கைத் தண்டில் உள்ள எல்லைக் குறி வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்த வேண்டிய நிலை வந்தால், அந்த வண்டியின் காலம் முடிந்தது. அதைத் தம்பி தங்கையருக்கோ உறவினர் வீட்டுப் பிள்ளைக்கோ கொடுக்கலாம். நல்ல நிலையிலுள்ள பழைய வண்டியை வாங்குவதிலும் தவறில்லை. பெரிய புதிய வண்டியைவிட அளவு பொருந்தும் பழைய வண்டி மேலானது.

மிகத் தாழ்ந்த இருக்கையில் ஓட்டுவதால் முழங்காலின் முன்பகுதியில் வலி தோன்றலாம். இருக்கையை உயர்த்திய பிறகும் வலி நீடித்தாலோ, முழங்கால் சில்லுக்குக் கீழே வீங்கியிருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளை நொண்டி நடந்தால் தாமதிக்க வேண்டாம். இவ்வயதில் இடுப்பு மூட்டில் ஏற்படும் கோளாறு முழங்கால் வலியாக மட்டுமே வெளிப்படுவதும் உண்டு.

வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளையைச் சாலையில் ஓட்ட அனுமதிக்கும் முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுங்கள்.

விழுந்த பிறகு

புத்தகப் பையைக் கைப்பிடியில் தொங்கவிடாமல் பின்புறக் கேரியரில் கட்டுவதும், தலைக்கவசம் அணிவதும், துப்பட்டாவை இழுத்து முடிவதும் பல விபத்துகளைத் தவிர்க்கும். கேரியரில் சிறு பிள்ளையை ஏற்றிச் செல்ல விடாதீர்கள். பின்சக்கரக் கம்பிகளுக்கிடையே குதிகால் சிக்கி ஆழமான காயம் ஏற்படும்.

கைப்பிடி வயிற்றில் இடித்திருந்தால், தோலில் காயம் இல்லை என்று அமைதியடைய வேண்டாம். உள்காயத்தின் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் தோன்றலாம். நீடிக்கும் வயிற்று வலி, வாந்தி, வயிறு உப்புதல், தோள் வலி, முகம் வெளிறுதல், சிறுநீரில் இரத்தம், சிறுநீர் கழிக்க இயலாமை, வயிற்றில் வட்ட வடிவக் கன்றல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் உணவு கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேவைப்பட்டால் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். திட்டுக்கு அஞ்சி, விழுந்ததைப் பிள்ளைகள் மறைப்பதுண்டு. எனவே கோபப்படாமல் கேளுங்கள். கைப்பிடி எந்த இடத்தில் இடித்தது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவியுங்கள்.